வெளியூரில் ஒரு நகல்

கைப்பைக்குள் வீட்டுச் சாவி பத்திரமாக இருக்கிறது. ஆனாலும் நிலோஃபர் சிதம்பரம் கீழவீதி முனைக்குப் போய், பூக்கட்டிக்கொண்டிருக்கும் ரத்தினம்மாளிடம் கை நீட்டுகிறாள். "அக்கா, எங்க வூட்டுச் சாவி." ரத்தினம்மாள் நாரைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து, மாற்றுச் சாவியை எடுத்துத் தருகிறார். நிலோஃபர் அதை லால்கான் தெரு வரைக்கும் கொண்டுபோய், பூட்டில் விட்டுத் திறந்து, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் மறுபடி பூட்டி, நடந்து வந்து ரத்தினம்மாளிடமே சேர்க்கிறாள். பிறகு திரும்பிப் போய், கைப்பையில் இருக்கும் சாவியால் கதவைத் திறந்து வீட்டுக்குள் நுழைகிறாள்.

"போன மாசம்தான திறந்து பாத்த?" என்று ரத்தினம்மாள் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. "போன மாசம் திறந்துச்சுக்கா. இந்த மாசமும் திறக்குதான்னு பாக்கணும்ல."

அந்தச் சாவியைப் பக்கத்து வீட்டிலேயே கொடுத்து வைக்கலாமே என்று தெருவில் எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். "பக்கத்து வூடு எரிஞ்சா எங்க வூடும் சேந்துதான எரியும். சாவி வேற தெருவுல இருக்கணும்" என்பாள். இப்படி வெளிப்படையாகத் தீயை எதிர்பார்க்கிற பெண்ணுக்குப் பக்கத்து வீட்டில் வசிப்பது எங்களுக்கும் ஒரு பெருமைதான். அவள் குடிவந்த பிறகு எங்கள் வரிசையில் யாரும் அடுப்பை அணைக்காமல் வெளியே போனதில்லை.

முப்பதைத் தாண்டிய வயது. வேகமான நடை, செருப்பு எப்போதும் அவளுக்கு அரையடி பின்னால் வருவது போலத் தோன்றும். கண்ணில் மை, தோளில் கனத்த பை. பையில் எல்லாமே இரண்டு: இரண்டு பேனா, இரண்டு சார்ஜர், இரண்டு மூக்குக்கண்ணாடி. புருஷன் மட்டும் ஒன்று. யாசர் சிங்கப்பூரில் இருக்கிறான். "அவருக்குத்தான் காப்பி இல்ல டீச்சர், அதான் வெளியூர்ல வெச்சிருக்கேன்" என்று அதற்கும் என்னிடம் ஒரு நியாயம் சொல்வாள். கல்யாண வீடியோ சிதம்பரத்தில் ஒன்று, சிங்கப்பூரில் ஒன்று, வேறெங்கோ ஒரு கம்பெனிக் கிடங்கில் ஒன்றாக இருக்கிறது. மூன்றிலும் யாசரின் மாமா பிரியாணி வேகவில்லை என்று சண்டை போடும் பகுதி வெட்டப்படாமல் அப்படியே இருக்கிறது. அவர் பலமுறை கெஞ்சிவிட்டார். "அழிக்கறது என் தொழில் இல்ல மாமா" என்று சொல்லிவிட்டாள்.

அவள் தொழிலுக்குப் பெயர் பேக்கப் எடுப்பது. தினமும் காலை ரயில் பிடித்துக் கடலூர் போகிறாள். மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் அந்தக் கம்பெனி இருக்கிறது. உட்கார்ந்து வேலை செய்பவர்கள் கைவிரல்களுக்குள் அடங்குவார்கள். பல ஊர் ஆலைகளுக்கும் கடைகளுக்கும் மென்பொருள் எழுதி, அதை ஓடவைத்துப் பராமரிப்பது அவர்கள் வேலை. மென்பொருள் ஓடுகிற கணினிகள் அந்த மாடியில் இல்லை, மும்பையில் இருக்கின்றன. அவையும் தனித்தனிப் பெட்டிகள் அல்ல. ஒரு பெரிய எந்திரத்துக்குள், சுவர் எழுப்பாமல் கணக்கால் மட்டுமே தடுத்து வாடகைக்கு விட்ட அறைகள். கடலூரில் இருந்தபடியே ஒரு கட்டளையில் அப்படி ஓர் அறையை எழுப்பலாம். இன்னொரு கட்டளையில் இடித்துத் தரைமட்டமாக்கலாம். கல்லும் மண்ணும் இல்லாததால் இடித்த இடத்தில் தூசிகூட மிஞ்சாது.

அந்த அறைகளில் இருப்பதை எல்லாம் நாள்தோறும் விடியற்காலையில் நகலெடுத்து, பொட்டலம் கட்டி, பூட்டுப்போட்டு, ஐதராபாத்தில் வேறொரு கம்பெனியின் கிடங்குக்கு அனுப்புகிறாள் நிலோஃபர். அந்தக் கிடங்கில் அலமாரியோ அடுக்கோ கிடையாது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு பெயர். பெயரைச் சொன்னால் பொட்டலம் வரும். உள்ளே போன பொட்டலத்தைக் கெடு முடியும்வரை யாராலும் அழிக்க முடியாது. வைத்தவளே வந்து காலில் விழுந்தாலும் முடியாது. அந்த வசதியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் காதல் தெரியும். யாசர் இதைப் படிக்க வேண்டாம்.

அடக்கம் என்ற சொல்லை நிலோஃபர் எங்கேயும் நகலெடுத்து வைக்கவில்லை. "இந்த ஜில்லாவுல நான் எடுக்கற பேக்கப்பு மாதிரி எவனும் எடுக்கறதில்ல டீச்சர். எடுத்தேன்னு சொல்லுவானுங்க. திருப்பிப் போட்டுக் காட்டுன்னு சொன்னா முழிப்பானுங்க." இதை ரயிலில் முன்பின் தெரியாதவர்களிடமும் சொல்லியிருக்கிறாள். ஒருமுறை எதிரே உட்கார்ந்திருந்தவர் பயந்துபோய்ப் புதுச்சத்திரத்தில் இறங்கிவிட்டார். அவர் உண்மையில் மயிலாடுதுறைக்குப் போக வேண்டியவர் என்பது என் ஊகம்.

இந்தப் பித்துக்கு ஒரு பிறந்தநாள் உண்டு. கல்லூரிக் காலத்தில் செய்த புராஜெக்டை அவள் பரங்கிப்பேட்டை வீட்டில் இரண்டு பிரதியாகவே வைத்திருந்தாள்: கணினியில் ஒன்று, குறுந்தகட்டில் ஒன்று. தானே புயல் வந்து கூரை ஓடுகளை வாரிக்கொண்டு போனபோது இரண்டும் ஒரே மேசையில், ஒரே மழையில் நனைந்தன. அந்தக் காற்றில் பரங்கிப்பேட்டை முருங்கை மரமொன்று பறந்துபோய்க் கிள்ளையில் வேர்விட்டுக் காய்த்தது என்று ஒரு கதை உலவுகிறது. கிளப்பிவிட்டது நான்தான்; ஆனால் காய் நன்றாகத்தான் இருந்தது. நிலோஃபர் அன்று கற்றுக்கொண்டதை இப்படிச் சொல்வாள்: "ரெண்டு இருந்தா பத்தாது. ரெண்டு ஊர்ல இருக்கணும்."

முதலாளி தைரியராஜுக்கு இது செலவாகத் தெரிந்தது. நல்ல மனிதர். ஆண்டுதோறும் மாதா கோவில் தேருக்கு விளக்கு உபயம் செய்கிறவர். ஆபீஸில் யாரும் இல்லாத அறையில் விளக்கெரிந்தால் மட்டும் மனம் பொறுக்காது. "நிலோஃபரு, சர்வர் கம்பெனிக்காரனே காப்பி எடுத்து வெக்கிறான். நாம எதுக்கு ஐதராபாத்துல ஒரு குடோன் புடிக்கணும்?" என்று மாதம் ஒருமுறை கேட்பார்.

"பீரோவுக்கு இன்னொரு சாவி செஞ்சு, அதையும் பீரோவுக்குள்ளயே வெச்சுப் பூட்டுவீங்களா சார்?"

"நான் எதுக்கு பீரோவ பூட்டப்போறேன், உள்ள ஒண்ணும் இல்ல" என்பார் அவர். பேச்சு அதோடு நிற்கும். கிடங்கு ஓடிக்கொண்டிருக்கும்.

பொட்டலங்களைப் பூட்டும் சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு சொல் அல்ல, ஒரு சரம். சம்பந்தமில்லாத சில சொற்கள் வரிசையாகக் கோத்தது. அந்த வரிசை மும்பைக் கணினியின் வயிற்றில் இருக்கும். அப்போதுதான் அது தானாகப் பூட்டும். ஆனால் கணினி போனால் வரிசையும் போய்விடுமே. காகிதத்தில் எழுதினால் மழை, கைப்பேசியில் வைத்தால் திருடன். தன் தலையில் வைத்துக்கொள்ளவும் நிலோஃபருக்கு நம்பிக்கையில்லை. எனவே பரங்கிப்பேட்டையில் இருக்கும் தன் உம்மா அஜீசுன்னிசாவிடம் ஒப்படைத்திருக்கிறாள். ஊரில் எந்தக் கல்யாணத்தில் யார் என்ன சீர் செய்தார்கள், எந்தத் தட்டில் கொண்டுவந்தார்கள், தட்டு திரும்பிப் போனதா என்பதுவரை நினைவு வைத்திருக்கும் பெண்மணி அவர். ஐதராபாத் கிடங்குக்கும் அவருக்கும் போட்டி வைத்தால் நான் அவர் பக்கம்தான் பந்தயம் கட்டுவேன்.

மாதம் ஒரு ஞாயிறு ஒத்திகை. உம்மாவின் அடுப்படியில் மடிக்கணினியைத் திறந்து, சொற்களைக் கேட்டு வாங்கி, மும்பையில் ஒரு புது அறையை எழுப்பி, பொட்டலத்தைப் பிரித்து, எல்லாம் ஓடுகிறதா என்று பார்ப்பாள். ஓடினால் அறையை இடித்துவிட்டு மீன் சாப்பிடுவாள். அன்றே உம்மா சொற்களை மாற்றிவிடுவார். தைரியராஜின் அக்கா, ஓய்வுபெற்ற நர்ஸ் பாக்கியமேரி, அந்த ஞாயிறுகளில் மீன் சாப்பிடவும் சொற்களைக் காதில் வாங்கவும் கூடவே வருவார். இரண்டு பெண்கள், இரண்டு ஊர். நிலோஃபர் தட்டச்சு செய்ததோடு மறந்துவிடுவாள். "மறக்கறதும் ஒரு வித்தை டீச்சர். என் மண்டையில பழைய வார்த்தையெல்லாம் கலந்து கெடக்குது, எது எந்த மாசத்துதுன்னு எனக்கே தெரியாது."

வார்த்தையைக் கேட்கவும் ஒரு சட்டம் உண்டு, அவள் போட்டதுதான்: நேரில் வந்து கேட்டால் மட்டுமே சொல்ல வேண்டும்.

இந்த வருடப் போகியன்று கண் ஆஸ்பத்திரிக்காக நான் கடலூர் போயிருந்தேன். கண்ணில் மருந்து விட்டுவிட்டார்கள். எல்லாம் மங்கலாகவும், சில நேரம் இரண்டிரண்டாகவும் தெரிந்தது. நிலோஃபருக்கு உலகம் எப்போதும் இப்படித்தான் தெரியும்போலும் என்று நினைத்துக்கொண்டு, சேர்ந்து ஊர் திரும்பலாம் என்று அவளுடைய ஆபீஸில் போய் உட்கார்ந்தேன். அங்கே போகி மும்முரம். பழைய அட்டைப் பெட்டிகள், உடைந்த நாற்காலிகள், செத்த விசைப்பலகைகள் எல்லாம் படியிறங்கிக்கொண்டிருந்தன. தைரியராஜ் தன் அறையில் கணினி முன் உட்கார்ந்து வேறொரு போகி கொண்டாடிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

முதலில் நிலோஃபரின் கைப்பேசி அடித்தது. மேற்கே ஒரு சர்க்கரை ஆலையின் கரும்பு அலுவலர் அருள்மொழி பேசினார். அந்த ஆலைக்குக் கரும்பு போட்டவர்கள் நட்ட தேதியை இவர்கள் எழுதிய மென்பொருளில் பதிந்து வைப்பார்கள். முன்னால் நட்டவருக்கு முன்னால் வெட்டு உத்தரவு. பொங்கல் முடிந்ததும் யார் வயலில் அரிவாள் இறங்கும் என்பதை அன்று மாலைக்குள் ஆலை அறிவித்தாக வேண்டும். அறிவித்தால்தான் வெட்டு ஆட்கள் வேலையைப் பேசிவைத்துவிட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போய் வருவார்கள்.

"நிலோஃபர், பதிவு தொறக்கவே மாட்டேங்குது. சர்வரே இல்லங்குது."

"இல்லங்குதுன்னா?"

"இல்லைன்னுதான் வருது."

நிலோஃபர் திரையைத் திறந்து பார்த்தாள். பிறகு எழுந்து தைரியராஜின் அறை வாசலில் போய் நின்றாள். அவர் நிமிர்ந்து, நல்ல காரியம் செய்தவரின் முகத்தோடு சொன்னார்: "போகியாச்சே, பழசெல்லாம் கழிச்சுட்டேன். மும்பையில ஒரு சர்வரு, தேதி பாத்தா எல்லாத்தைவிடப் பழசு, சும்மா வாடகை தின்னுட்டு கெடந்துச்சு."

"சார், மாத்தறதுக்குன்னு எடுத்த புது சர்வரு இன்னும் காலியா இருக்குது. சீசன் முடியறவரைக்கும் மாத்தாதீங்கன்னு ஆலையில சொன்னாங்க. அந்தப் பழசுலதான் எல்லாம் ஓடுது."

தைரியராஜ் மெல்ல எழுந்தார். "அதோட காப்பியையும் சேத்து அழிக்கவான்னு ஒரு கட்டம் கேட்டுச்சு."

"டிக் போட்டீங்களா?"

"போகியாச்சேன்னு போட்டேன்" என்றார். பழியை யார் மேலும் தள்ளவில்லை. வந்த வியர்வையைத் துடைக்கவும் இல்லை.

அருள்மொழி மறுமுனையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "சாயங்காலத்துக்குள்ள பதிவு வரலன்னா, வந்தவங்களுக்கு மொதல்ல எழுதிக் குடுத்துடுன்னு மேல சொல்லிடுவாங்க. லாரியும் ஆளும் வெச்சிருக்கறவங்கதான் வருவாங்க. சின்ன ஆளுங்க கதி அவ்வளவுதான், என் கையில ஒண்ணும் இல்லம்மா."

"சாயங்காலத்துக்குள்ள வரும்" என்றாள் நிலோஃபர். குரலில் சந்தேகமே இல்லை. கைப்பேசியை வைத்த பிறகு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அது என் மருந்துக் கண்ணுக்கும் தெளிவாகத் தெரிந்தது.

பொட்டலம் ஐதராபாத்தில் பத்திரமாக இருந்தது. திறக்கும் சொற்கள் அழிந்துபோன சர்வரின் வயிற்றில் இருந்தன. பாக்கியமேரியோ மகளின் பிரசவத்துக்காக மஸ்கட்டில். மிஞ்சியது பரங்கிப்பேட்டை. நிலோஃபர் வீட்டுக்குப் பேசினாள். நாங்களும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்தாள்.

"உம்மா, அவசரம். அந்த வார்த்தையெல்லாம் வரிசையா சொல்லு."

"யாரு பேசறது?"

"நிலோஃபர்தான்."

"நிலோஃபர்னு நீ சொல்ற. எனக்கு எப்படித் தெரியும்?"

"என் குரலு தெரியலயா உம்மா?"

"குரலை எவன் வேணா போடலாம்னு எம்மக சொல்லியிருக்கா."

"அந்த மக நான்தான்."

"எல்லாத் திருடனும் அப்படித்தான் சொல்லுவானாம். அதையும் சொல்லியிருக்கா."

தைரியராஜ் குறுக்கே புகுந்து, "அம்மா, நான் கம்பெனி ஓனரு பேசறேன்" என்றார்.

"இந்தா, கூட்டாளியும் இருக்கான்" என்றார் அஜீசுன்னிசா.

"வீடியோவுல வரேன் உம்மா, மூஞ்சியப் பாரு."

"மூஞ்சியையும் போடலாமாம். நேர்ல வா. நீ எம்மகளா இருந்தா வழி தெரியும்." பேச்சு அறுந்தது.

தைரியராஜ் தலையில் கைவைத்துக்கொண்டார். நிலோஃபர் என் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தை நான் எப்படி எழுதுவேன். பிள்ளை மாநிலத்திலேயே முதலாவதாக வந்த செய்தியைப் பேப்பரில் பார்த்தவளின் முகம் அது. "பாத்தீங்களா டீச்சர், எங்க உம்மாவ யாராலயும் ஏமாத்த முடியாது."

"பெருமை அப்புறம் படலாம், வண்டியில ஏறு" என்றார் தைரியராஜ்.

நானும் ஏறிக்கொண்டேன். கார் ஆலப்பாக்கம் தாண்டியது. எதிரே கட்டுக்கட்டாகப் பொங்கல் கரும்பும் மஞ்சள் கொத்தும் ஏற்றிய வண்டிகள். ஒவ்வொரு கரும்பு வண்டிக்கும் தைரியராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நடுவில் நிலோஃபரின் கைப்பேசியில் கண்ணாயிரம் பேசினார். பெண்ணாடம் பக்கம் கொஞ்ச நிலத்தில் கரும்பு போட்டிருப்பவர். ஆலை அனுப்பும் குறுஞ்செய்தியின் அடியில் இருக்கும் எண் நிலோஃபருடையது. மற்றவர்கள் அதைப் பார்ப்பதோடு சரி. அவர் மட்டும் வாரந்தவறாமல் பேசுவார்.

"யம்மா, ஆலையில என்னென்னமோ பேசிக்கறாங்க. எம்பேரு போயிடுச்சுங்கறாங்களே."

"போவல மாமா. கொண்டாரத்தான் போயிட்டிருக்கேன்."

"கரும்பு பூவெடுத்துடுச்சும்மா. இன்னொரு வெட்டுச் சுத்து தள்ளிப்போச்சுன்னா வெறகுதான். எம்மச்சான் வேற, லாரிக்காரன் கிட்ட சொல்லி வெக்கட்டுமாங்கறான். நான் வேணாம், வரிசைன்னா வரிசைதான்னு உக்காந்திருக்கேன்."

"உக்காருங்க மாமா. வரிசை வருது."

கைப்பேசியை மடியில் வைத்தவள், ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டைக் கடித்தாள். தைரியராஜ் கண்ணாடியில் அதைப் பார்த்தார். "நிலோஃபரு, வராமப்போனா நான்தான் அழிச்சேன்னு நானே ஆலைக்குப் போய்ச் சொல்றேன். உம்பேரு வராது."

"வராமப்போனாதான சார். நான் எடுத்த பேக்கப்பு அது." கொஞ்சம் பொறுத்துச் சேர்த்துக்கொண்டாள்: "அந்த டிக்கு மட்டும் உங்களுது."

பி.முட்லூரில் திரும்பி, பரங்கிப்பேட்டைக்குள் நுழைந்தபோது பின்மதியம். அஜீசுன்னிசா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு தைரியராஜைப் பார்த்தார். "இவருதான் போன்ல பேசின கூட்டாளியா?"

"எங்க முதலாளி உம்மா."

"இருக்கட்டும். வெளிய நிக்கச் சொல்லு. டீச்சரும்தான்."

கம்பெனி யாருடையது என்று விளக்க தைரியராஜ் வாயெடுத்தார். மீன் கத்தியைப் பார்த்து மூடிக்கொண்டார். தைரியராஜ் வேலியோரம் நின்றார். நான் ஜன்னலை ஒட்டி நின்றது காற்றுக்காக. சொற்கள் காதில் விழுந்ததா என்று கேட்டால், ஒன்று மட்டும் விழுந்தது. அது ஒரு மீனின் பெயர். எந்த மீன் என்று வள்ளலார் சபை அணையா விளக்கின் முன் நிறுத்திக் கேட்டாலும் சொல்லமாட்டேன்.

உள்ளே தட்டச்சுச் சத்தம் கேட்டது, நின்றது. "தப்புங்குது உம்மா" என்றாள் நிலோஃபர். சில்லிட்ட குரல்.

"நான் சொன்னது தப்பா இருக்காது. உன் வெரலப் பாரு, கோழி மாதிரி கொத்துது. தண்ணி குடி. மொதல்லேருந்து சொல்றேன், ஒவ்வொண்ணா அடி."

தைரியராஜ் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே தம்ளர் வைக்கும் ஓசை. மறுபடி தட்டச்சு, இந்தமுறை நிதானமாக. பிறகு நீண்ட அமைதி. அந்த அமைதியில் பரங்கிப்பேட்டைக் கடல் அலையடிப்பதை நிறுத்திவிட்டது. நம்பாதவர்கள் தைரியராஜைக் கேட்டுக்கொள்ளலாம்.

"பிரியுது" என்றாள் நிலோஃபர்.

அவரால் அதற்குமேல் வெளியே நிற்க முடியவில்லை. "இந்த சிக்னல்ல அவ்வளவும் எப்ப எறங்கறது? ஒரு கோடுதான காட்டுது."

"என் போன்ல ஏன் சார் எறங்கணும்? ஐதராபாத்துலேருந்து மும்பைக்கு அவங்களுக்குள்ளயே போவுது. நான் போன்னு சொன்னதோட சரி." அவள் கண் திரையை விட்டு அகலவில்லை. மும்பையில் ஒரு புது அறை எழுந்துகொண்டிருந்தது. பொட்டலம் பொட்டலமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொன்றும் வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தது. உம்மா குழம்பைக் கூட்டி, கொதிக்கவிட்டு, மீனைப் போட்டு இறக்கினார். எங்கள் எல்லோருக்கும் தட்டு வைத்தார். யாரும் தொடவில்லை.

வெயில் சாய்ந்தபோது பதிவு திறந்தது. விடியற்காலை வரைக்கும் பதிந்தது எல்லாம் வரிசை குலையாமல் இருந்தது. அன்று காலையில் ஆலை ஆட்கள் புதிதாக ஏற்றிய சில வயல்கள் மட்டும் இல்லை. அதை நிலோஃபர் மறைக்கவில்லை. அருள்மொழியைக் கூப்பிட்டு முதலில் அதைத்தான் சொன்னாள். "இன்னிக்குக் காலையில போட்டது மட்டும் போச்சு. அதைத் திரும்பப் போட்டுக்குங்க. மத்ததெல்லாம் இருக்குது, தொறந்து பாருங்க."

அருள்மொழி திறந்து பார்க்கும் ஓசைகூட எங்களுக்குக் கேட்டது. "இருக்குதும்மா. அப்படியே இருக்குது. உத்தரவு அனுப்பிடறேன்."

தைரியராஜ் சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தார். பிறகு கையோடு கொண்டுவந்திருந்த தன் மடிக்கணினியை நிலோஃபர் பக்கம் தள்ளினார். "எனக்கு அழிக்கற அதிகாரம் வேணாம். எடுத்துடு."

"எடுத்துட்டேன் சார்."

"எப்ப?"

"கார்ல வரும்போதே."

அவர் சிரித்தார். சிரித்தபடியே தட்டை இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். குழம்பைத் தொட்டு வாயில் வைத்துவிட்டு, அந்த ஐதராபாத் குடோனுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று பிடிக்கலாமா என்று கேட்டார். "பக்கத்துல வேணாம் சார், வேற ஊர்ல" என்றாள்.

கண்ணாயிரம் மறுபடி பேசினார். செய்தி வந்திருக்கிறது, கண்ணாடி கையில் இல்லை, படிக்கத் தெரிந்த மருமகள் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாள் என்றார். "நீ பாத்துச் சொல்லும்மா, மொத சுத்துல நான் இருக்கேனா?"

நிலோஃபர் திரையில் அவர் பெயரைத் தேடி விரல் வைத்தாள். இருந்தது, முதல் சுற்றிலேயே. பதில் சொல்ல வாயெடுத்தவள், நிறுத்தினாள். "மாமா, ஒரு நிமிஷம். இதை உங்களுக்குச் சொல்ல வேண்டியவங்க வேற ஆளு" என்றாள்.

உம்மா தண்ணீர் அண்டாவடியில் உட்கார்ந்து மீன் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். முழங்கைவரை சாம்பல். "எனக்கு என்னா தெரியும், நீயே சொல்லு" என்று தலையைத் திருப்பினார். நிலோஃபர் விடவில்லை. பக்கத்தில் குந்தி, திரையில் தான் விரல் வைத்த வரியைக் காட்டினாள். பிறகு கைப்பேசியை உம்மாவின் காதில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால், தோளில் சரிந்து கிடந்த முக்காட்டைத் தூக்கி உம்மாவின் தலையில் ஒழுங்காக இழுத்துவிட்டாள்.